கறுத்துப்போன திரையும் கருகிப்போன பின்னும்

சித்திரை முடியப் பத்து நாள் இருக்கும்போது முதல் தடவை நடந்தது. கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில். வேலூர் சத்துவாச்சாரி ரங்காபுரத்தில், வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டர் போட்டு வேலை பார்க்கிறேன். அன்றைக்கு மாலை மாற்றும் பக்கத்தைத் திறந்து வைத்து, மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியில் விழுந்திருந்த ஃபிளாஷ் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன். திரை கறுத்தது. கேபினெட் ஃபேன் ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை. இரண்டு நொடியில் தானாகத் திரும்பி வந்தது. கரண்ட் ஆடியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் வேறு மாதிரி வந்தது. திரை அப்படியே உறைந்தது. மவுஸ் நகரவில்லை. பாட்டு ஒரே இடத்தில் சிக்கி ர்ர்ர்ர் என்று இழுத்தது. அப்புறம் முழுக்கக் கறுப்பு. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துத்தான் மறுபடி போட முடிந்தது. இரண்டு மணி நேர வேலை போயிற்று. வைகாசி முகூர்த்தங்களுக்கு ஆறு ஆல்பம் ஒத்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து ஐந்து வாரம் இதோடு மல்லுக்கட்டினேன். இதே அவதியில் இருப்பவர் யாராவது படித்தால், என் ஐந்து வாரம் அவருக்கு ஐந்து நாளாகச் சுருங்கட்டும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2018ல் தம்பி பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கொடுத்தது. இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியது. கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் ஒரு வருடம் கழித்து வந்தது. ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழையதாக வாங்கினான். இந்தக் கார்டு முழு வேகத்தில் 120 வாட் எடுக்கும். மதர்போர்டின் ஸ்லாட் 75 வாட்டுக்கு மேல் கொடுக்காது. அதனால் கார்டின் முதுகில் ஆறு பின் கொண்ட தனி பவர் சாக்கெட் இருக்கிறது. நம் எஸ்எம்பிஎஸ்ஸில் ஆறு பின் ஒயர் கிடையாது. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போகுமே, வெள்ளைப் பிளாஸ்டிக்கில் நாலு பின் மோலெக்ஸ் பிளக், அதை ஆறு பின்னாக மாற்றும் ஒரு சின்ன அடாப்டரையும் தம்பி வாங்கி மாட்டியிருந்தான். அந்த அடாப்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் கடைசி வாரம் வரை அதைப் பார்க்கவே இல்லை.

எல்லோரும் சொல்வதைத்தான் முதலில் செய்தேன்: டிரைவர், அதாவது விண்டோஸையும் கார்டையும் பேசவைக்கும் மென்பொருள். விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் லாக்கை ஈவென்ட் வியூவரில் திறந்து சிஸ்டம் பகுதிக்குப் போனால் மஞ்சள் முக்கோணத்தோடு 'டிஸ்ப்ளே' என்று ஒரு பதிவு, எண் 4101. டிஸ்ப்ளே டிரைவர் பதில் கொடுப்பதை நிறுத்தியது, பிறகு மீண்டுவிட்டது என்று அதில் எழுதியிருக்கும். டிரைவர் என்ற சொல் அதிலேயே இருப்பதால் பழி முழுவதும் டிரைவர் தலையில் விழுந்துவிடுகிறது. உண்மையில் நடப்பது இதுதான். விண்டோஸ் கார்டிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு 2 நொடி காத்திருக்கும். அதற்குள் கார்டு அசையவில்லை என்றால் கார்டையும் டிரைவரையும் உலுக்கி மறுபடி எழுப்பும். விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிற ஏற்பாடு, டிடிஆர் என்பார்கள். ஒரே நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் இப்படி ஆனால் நீலத்திரை போட்டு நின்றுவிடும். கார்டு எதனால் அசையவில்லை என்பது விண்டோஸுக்குத் தெரியாது. டிரைவரில் பிழை இருந்தாலும் 4101, மின்சாரம் போதாமல் கார்டு மயங்கினாலும் 4101.

இது எனக்கு அப்போது தெரியாது. சேஃப் மோடில் போய், டிரைவரை நீக்கவென்றே இருக்கும் டிடியூ என்ற மென்பொருளை வைத்துப் பழைய டிரைவரைச் சுத்தமாகத் துடைத்தேன். புது டிரைவர் போட்டேன், அது சரிவரவில்லை என்று ஒரு வருடப் பழைய டிரைவர் போட்டேன். மூன்று நாள் போனதுதான் மிச்சம். விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில், காத்திருக்கும் நொடியைச் சொல்லும் டிடிஆர்டிலே என்ற மதிப்பை 2லிருந்து 8 ஆக்கினால் சரியாகும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அதையும் செய்தேன். முன்பு 2 நொடி உறைந்துவிட்டுப் போனது, இப்போது 8 நொடி உறைந்துவிட்டுப் போனது. உண்மையிலேயே கனமான கணக்கு ஓட்டுகிறவர்களுக்கு அந்த மாற்றம் உதவும். எனக்கு அது நோயைத் தீர்க்காமல் காத்திருக்கும் நேரத்தைத்தான் கூட்டியது. பழையபடி 2க்கே மாற்றிவிட்டேன்.

அடுத்தது சூடு. வேலூரில் மே மாதம் சூட்டைச் சந்தேகப்படாமல் இருக்க முடியாது. வீட்டைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி பத்து மணி வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். மதியம் மூன்று மணிக்கு என் அறையில் 37 டிகிரி. கார்டைக் கழற்றி ஃபேனை எடுத்துப் பார்த்தால், அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. பிரஷ்ஷால் எடுத்தேன். சிப்பின் மேல் இருந்த பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. துடைத்துப் புதிதாகத் தடவினேன். வேலை செய்யும்போது 83 டிகிரி காட்டிய கார்டு 70க்கு இறங்கிவிட்டது. அந்த எண்ணைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! அன்றைக்கே சாயங்காலம் 66 டிகிரியில் உறைந்தது.

ரேமை மெம்டெஸ்ட் வைத்து ஒரு ராத்திரி முழுக்கச் சோதித்தேன். நாலு சுற்று, ஒரு பிழை இல்லை. ரேம் விவகாரம் அதோடு முடிந்தது.

டவுனில் ஒரு சர்வீஸ் கடைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏசி அறையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. "கார்டு சிப் வீக் ஆயிடுச்சுக்கா, புதுசு போட்டுக்குங்க. இல்லன்னா ஹீட் குடுத்துப் பாக்கலாம், கேரண்டி கிடையாது" என்றார்கள். சிப்புக்குச் சூடு காட்டி ஒட்டவைப்பது சில வாரம் தாங்கினால் பெரிது என்று தம்பி ஏற்கெனவே சொல்லியிருந்தான். வேண்டாம் என்று பெட்டியைத் திரும்ப எடுத்து வந்தேன். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. 25 டிகிரி அறையில் என் பெட்டிக்கு நோயே கிடையாது, அதுதான் விஷயம்.

அப்புறம் செய்த சோதனைதான் என்னைச் சுத்தமாகக் குழப்பிவிட்டது. ஐ5க்குள்ளேயே சின்ன கிராஃபிக்ஸ் இருக்கிறது. கார்டைக் கழற்றி வைத்துவிட்டு மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் மானிட்டரை மாட்டினேன். மூன்று நாள் இப்படி ஓட்டினால் கார்டா இல்லையா என்று தெரிந்துவிடும் என்பது எண்ணம். இரண்டாம் நாள் காலை திரை கறுத்தது. கார்டே இல்லை, ஆனாலும் கறுத்தது! அப்படியென்றால் கார்டு மேல் தப்பில்லை, மதர்போர்டோ மானிட்டரோதான் போயிருக்கிறது என்று முடிவு கட்டி, புது மானிட்டர் விலைகூட விசாரித்துவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் நடந்ததை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை கறுத்தபோது பாட்டு நிற்காமல் ஓடியது. மதியங்களில் வருவதில் பாட்டு சிக்கிக்கொள்ளும். எழுந்து போய் ஈவென்ட் வியூவரைப் பார்த்தேன். காலை 6:52க்கு ஒரு பதிவும் இல்லை. 4101 இல்லை, ஒழுங்காக அணையாமல் மறுபடி கிளம்பினால் விழும் 41 இல்லை, ஒன்றுமே இல்லை. விண்டோஸைப் பொறுத்தவரை அந்த நேரத்தில் எதுவுமே நடக்கவில்லை.

ஒரு நோய் என்று நினைத்து நான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டு நோய்க்கு. ஒன்றுக்குக் கொடுத்த மருந்தை இன்னொன்றின் அறிகுறியை வைத்து எடைபோட்டுக்கொண்டிருந்தேன்.

பையனின் பழைய ரஃப் நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். நேரம், வகை, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், வீட்டில் வேறு என்ன ஓடியது, அறையின் சூடு, லாக் எண். வகைக்கு இரண்டே எழுத்து. பாட்டு ஓட, திரை மட்டும் கறுத்துத் திரும்பினால் 'க'. உறைந்து, பாட்டு சிக்கினால் 'உ'. கார்டை மறுபடி மாட்டி ஒன்பது நாள் எதையும் மாற்றாமல் எழுதிக்கொண்டே வந்தேன். கை பரபரத்தது, ஏதாவது ஒன்றைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாமா என்று. அடக்கிக்கொண்டேன். ஒன்பது நாளில் 31 வரி. 19 க, 12 உ.

நோட்டைப் புரட்டினால் பளிச்சென்று தெரிந்தது. 12 உவில் பத்து, மதியம் பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில். அந்தப் பன்னிரண்டு உவுக்கும் லாக்கில் பதிவு உண்டு. திரை தானாக மீண்டதற்கு 4101, பட்டனை அழுத்தி அணைத்ததற்கு கெர்னல்-பவர் 41. கவுக்கு ஒன்றில்கூட லாக் இல்லை. அதில் ஏழு, காலை ஏழு மணியை ஒட்டி. மீதி நாள் முழுக்க இறைந்து கிடந்தது. 'என்ன செய்துகொண்டிருந்தேன்' என்ற கட்டத்தில் 'காபி எடுக்க எழுந்தேன்', 'காலிங் பெல், எழுந்தேன்', 'வந்து உட்கார்ந்தேன்' என்று என் கையெழுத்திலேயே திரும்பத் திரும்ப இருந்தது.

எழுந்தால் திரை கறுக்குமா? நம்ப முடியவில்லை. சரி, பார்த்துவிடலாம் என்று ஒரு வீடியோவை ஓடவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். பத்து முறை. மூன்று முறை திரை போனது. பையன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். "அம்மா, பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து பாரு" என்றான். சமையலறை பிளாஸ்டிக் நாற்காலியில் பத்து முறை. ஒருமுறைகூடப் போகவில்லை.

விசாரித்ததில், இது பலருக்குத் தெரிந்த சங்கதிதான் என்று தெரிந்தது. கேஸ் சிலிண்டர் வைத்து ஏறி இறங்கும் சுழல் நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் நிலை மின்சாரம் சேர்ந்து சட்டென்று வெளியேறும். அந்தத் துடிப்பு காற்று வழியாகவே போய் மானிட்டர் கேபிளில் ஏறும். எச்டிஎம்ஐ சிக்னல் ஒரு கணம் கலைந்தால் மானிட்டர் பிடியை விட்டுவிட்டு மறுபடி தேடிப் பிடிக்கும். அதுதான் அந்த இரண்டு நொடி. கம்ப்யூட்டருக்கு இதில் பங்கே இல்லை, அதனால்தான் லாக்கிலும் இல்லை. கேபிளின் மேல் சுற்றியிருக்கும் உலோக வலை இந்த மாதிரித் துடிப்பை உள்ளே விடாமல் தடுக்கத்தான் இருக்கிறது. என்னுடையது ஐந்து மீட்டர் நீளத்தில் மெலிசான கேபிள். பாதி நீளம் மேசைக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது.

காலை ஏழு மணிக் கணக்கு வேறு. அது போர் மோட்டார் போடும் நேரம். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்பும்போதும் இரண்டு தடவை வந்திருந்தது. கேபினெட்டைக் கையால் தொட்டால் சுர்ரென்று மெல்ல இழுக்கும். இது நாலைந்து மாதமாகவே உண்டு. வேலூரில் எத்தனையோ வீட்டில் கிரைண்டரைத் தொட்டால் இழுக்கும், செருப்புப் போட்டுக்கொண்டு ஆட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

சித்தப்பா மின்வாரியத்தில் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கொணவட்டத்தில் இருக்கிறார். போன் போட்டுச் சொன்னேன்.

"இன்னா கண்ணு, பொட்டியத் தொட்டா இழுக்குதா? அத்த மொதல்ல சொல்றதில்லையா? தெர பூட்சு தெர பூட்சுன்னு சொல்லிக்கினு இருக்கியே" என்றார். சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

என் மல்டிமீட்டரை வாங்கி, கம்ப்யூட்டர் பிளக் பாயிண்டில் வைத்துப் பார்த்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 227 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 131. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 96. எர்த்து நன்றாக இருந்தால் முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், கடைசி இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு எர்த்து அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட் உடம்புக்குச் சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் கட்டியிருப்பார்கள். எர்த்து இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட் பாதி வோல்ட்டேஜில் மிதக்கும். கையில் இழுத்தது அதுதான். எச்டிஎம்ஐ கேபிளின் உலோக வலையும் அதே உடம்போடுதான் சேர்ந்திருக்கிறது. மோட்டார் கிளம்பும்போது லைனில் வரும் துடிப்பு, வடிந்து போக மண் கிடைக்காமல், கேபிள் மேலேயே ஆடியிருக்கிறது.

மீட்டரை மட்டும் அவர் நம்பவில்லை. பையிலிருந்து ஹோல்டரோடு ஒரு 40 வாட் குண்டு பல்பை எடுத்து, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் கொடுத்தார். முழு வெளிச்சம் வர வேண்டிய பல்பில் இழை மட்டும் சிவப்பாக, புழு மாதிரித் தெரிந்தது. "பாத்தியா" என்றார். (இதை வீட்டில் நாமே செய்துபார்க்கக் கூடாது. உயிரோடு இருக்கும் லைனில் கை வைக்கிற வேலை, பழகியவர் கையில் இருக்கட்டும்.)

பின்பக்கம் துளசி மாடத்தை ஒட்டி எர்த்து குழி இருக்கிறது. அப்பா 1996ல் வீடு கட்டியபோது கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, நடுவில் ஜிஐ பைப் இறக்கியது. மெயினை அணைத்துவிட்டுக் குழி மூடியைத் தூக்கினார். உள்ளே மண் வெடித்துக் கிடந்தது, ஈரமே இல்லை. பைப்பில் ஒயரைப் பிடித்திருந்த கிளாம்பைத் தொட்டார், போல்ட் துருவாகப் பொடிந்து ஒயர் அவர் கையோடு வந்துவிட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலான உப்பு. பைப்பின் தலையை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, புது கிளாம்ப், புது போல்ட், வாஷர் போட்டு முறுக்கினார். மே மாதத்தில் நல்ல தண்ணீரை மண்ணில் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. துணி அலசிய தண்ணீரை ஆறு குடம் ஊற்றினோம். குடித்துக்கொண்டே இருந்தது அந்தக் குழி.

போல்ட்டை முறுக்கிக்கொண்டே அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தப் பதிவின் மறுபாதியைத் திறந்தது. "ஒயரு நடுவுல எரிஞ்சு நான் பாத்ததே இல்ல கண்ணு. நாப்பது வருசத்துல நான் பாத்த எரிச்சல் எல்லாம் முடிச்சுலதான். எங்க ஒண்ணோட ஒண்ணு சேருதோ அங்கதான் கைய வெச்சுப் பாக்கணும்."

மெயினைப் போட்டு மறுபடி பார்த்தால் ஃபேஸ்-எர்த்து 226, நியூட்ரல்-எர்த்து 1.4. பல்பு முழுசாக எரிந்தது. கேபினெட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், வெறும் தகடு. அன்றிலிருந்து மோட்டார் போட்டுத் திரை போகவில்லை. நாற்காலிக் கறுப்பு மட்டும் பத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது. ஐந்து மீட்டர் கேபிளை எடுத்துவிட்டு ஒன்றரை மீட்டரில் தடித்த கேபிள் வாங்கிப் போட்டேன். முப்பது முறை உட்கார்ந்து எழுந்தேன். திரை அசையவில்லை. க முடிந்தது.

மீதி உ.

இதற்கு நடுவில் உவைப் பற்றி இரண்டு தடயம் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்று, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு போட்டு, என்விடியா டிரைவரையும் போட்டு, இரண்டு மதியம் ஓட்டியது. அங்கேயும் உறைந்தது. மறுபடி போட்டு முந்தைய ஓட்டத்தின் கெர்னல் லாக்கைப் பார்த்தால் கடைசியில் 'எக்ஸ்ஐடி 79' என்று ஒரு வரி. கார்டு பஸ்ஸிலிருந்து, அதாவது மதர்போர்டோடு பேசும் பாதையிலிருந்து, விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதாவது கேட்ட கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லவில்லை, கேள்வி போய்ச் சேரவே ஆளில்லை. வேறு இயங்குதளம், வேறு டிரைவர், அதே மரணம். விண்டோஸ் டிரைவர் மேல் எனக்கிருந்த சந்தேகம் அதோடு தீர்ந்தது. மின்சாரம், சூடு, ஸ்லாட் தொடுப்பு என்று மூன்றே பக்கம் மிச்சம். ஸ்லாட்டின் பொன் பற்களை அழிரப்பரால் தேய்த்து இறுக்கி மாட்டிப் பார்த்தாயிற்று, பயனில்லை.

இரண்டாவது, ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 60 சதவீதமாக இறக்கியது. மூன்று மதியம் ஒரு உகூட வரவில்லை. 100க்கு ஏற்றினேன், கார்டை முழு வேகத்தில் வேலை வாங்கும் ஃபர்மார்க் என்ற சோதனையை ஓட்டினேன், ஆறே நிமிடத்தில் விழுந்தது. அதே ஃபர்மார்க்கைக் காலை ஆறு மணிக்கு ஓட்டினால் அரை மணி நேரம் தாண்டியும் ஓடியது. காலையில் தாங்குகிறது, மதியம் தாங்கவில்லை, கொஞ்சமாக எடுத்தால் எப்போதும் தாங்குகிறது. ஆனால் சென்சார் எண்களைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் 12 வோல்ட் லைன் 12.0 என்று கல் மாதிரி நின்றது. சிப் 70 டிகிரிதான். எண்கள் எல்லாம் நல்லபடியாக இருந்தன. இங்கேதான் நான் நின்றுபோயிருந்தேன்.

சித்தப்பா போன பிறகு கேபினெட் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உட்கார்ந்தேன். முடிச்சு எங்கெல்லாம் இருக்கிறது என்று எண்ணினேன். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மோலெக்ஸ், மோலெக்ஸிலிருந்து அடாப்டர், அடாப்டரிலிருந்து கார்டு. சாஃப்ட்வேர் காட்டும் 12 வோல்ட் மதர்போர்டு தன்னிடத்தில் அளந்து சொல்வது. கார்டின் வாசலில் எவ்வளவு வருகிறது என்று அது சொல்லவில்லை. நான் இத்தனை நாளாக வேறு வீட்டின் மீட்டரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் மூன்று மணி, அறையில் 38. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்தேன். பிளக்கைக் கழற்றாமலே அதன் பின்பக்கம் ஒயர் நுழையும் ஓட்டையில் ஊசியை மெல்லச் சொருகினால் உள்ளே இருக்கும் உலோகத்தைத் தொடும். கறுப்பு ஊசி கறுப்பு ஒயரில், சிவப்பு ஊசி மஞ்சளில். இரண்டு ஊசியும் ஒன்றோடொன்று உரசிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கார்டு சும்மா இருக்கும்போது, எஸ்எம்பிஎஸ்ஸின் காலியான இன்னொரு மோலெக்ஸில் 11.98, கார்டின் வாசலில் 11.71. ஃபர்மார்க்கை ஓடவிட்டேன். மோலெக்ஸில் 11.86. கார்டின் வாசலில் 11.14.

12 வோல்ட் லைனுக்கு ஐந்து சதவீதம் வரை விலகல் அனுமதி. அதாவது 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. எஸ்எம்பிஎஸ் தன் பங்குக்கு ஒழுங்காகத்தான் கொடுக்கிறது. நடுவழியில் 0.72 வோல்ட் காணாமல் போகிறது. அந்த ஒயரில் ஏறக்குறைய 5 ஆம்பியர் போகும் என்று வைத்தால் 3.6 வாட். என்னிடம் இருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் ஏழில் ஒரு பங்கு சூடு, மிளகு அளவு உலோகத்துக்குள், பிளாஸ்டிக் மூடிய இடத்தில், தினமும் மணிக்கணக்கில்.

அணைத்துவிட்டு அடாப்டரைப் பிடுங்கினேன். லேசில் வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. வந்தபோது கருகல் வாடை அடித்தது. நாலு ஓட்டையில் மூன்று வெள்ளை. மஞ்சள் ஒயர் ஓட்டை மட்டும் பழுப்பேறி, விளிம்பு உருகி, உள்ளே தோசைக்கல்லில் அடிப்பிடித்த மாதிரி கறுத்திருந்தது. அடாப்டரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மற்ற மூன்று குழல்களும் ஊசியை இறுக்கிப் பிடிக்கின்றன. மஞ்சள் குழலின் வாய் பிளந்து அகன்றிருந்தது. ஊசியை விட்டு ஆட்டினால் தளதளவென்று ஆடியது. கார்டுக்கு வெளியிலிருந்து வரும் 12 வோல்ட் முழுவதும் அந்த ஒரே குழல் வழியாகத்தான் போகிறது.

மதியம் ஏன் என்பதும் அப்போது புரிந்தது. அறை சூடானால் கேபினெட் சூடு, கேபினெட் சூடானால் அந்தக் குழல் இன்னும் சூடு. சூடேறினால் உலோகத்தின் பிடி தளரும், தளர்ந்தால் தடை கூடும், கூடினால் மேலும் சூடு. ஆல்பம் பக்கத்தைப் பெரிதாக்கும்போது கார்டு திடீரென்று ஒரு இழுப்பு இழுக்கும். அந்த இழுப்பில் வோல்ட்டேஜ் சரிந்து கார்டு விழுந்துவிடும். சிப்பில் சூடு பார்க்கும் சென்சார் இருக்கிறது, மதர்போர்டில் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கில்கூட இருக்கிறது. எரிந்துகொண்டிருந்த இடத்தில் மட்டும் இல்லை.

உடனே புது எஸ்எம்பிஎஸ் வாங்கிவிடலாம் என்று தம்பி சொன்னான். எனக்கு ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். கடையில் இரண்டு மோலெக்ஸிலிருந்து ஆறு பின்னுக்குப் போகும் அடாப்டர் 150 ரூபாய்க்குக் கிடைத்தது. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பிளக்கும் கருகியிருந்ததால் அதை ஒதுக்கிவிட்டு வேறு இரண்டு பிளக்கில் மாட்டினேன். அதே எஸ்எம்பிஎஸ், அதே மூன்று மணி, பவர் லிமிட் 100, ஒரு மணி நேர ஃபர்மார்க். கார்டின் வாசலில் 11.62 நின்றது. விழவில்லை. நாலு மதியம் ஆல்பம் வேலையும் பார்த்தேன், நோட்டில் எழுத ஒன்றுமில்லை.

அதற்கப்புறம்தான் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்) என்ற மின்சிக்கனத் தரம், கார்டுக்கென்று தன் ஒயரிலேயே ஆறு பின் பிளக் உள்ளது. நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. கடைக்காரர் பேச்சையும் என் அவசர முடிவையும் நம்பியிருந்தால் கார்டுக்குப் பதினைந்தாயிரமும் மானிட்டருக்குப் பத்தாயிரமும் போயிருக்கும். இப்போது நடுவில் அடாப்டர் என்ற பேச்சே இல்லை. ஃபர்மார்க் ஓடும்போது கார்டின் வாசலில் 12.01. பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கலாமா என்று பையன் கேட்டான். கண்டிப்பாக வேண்டாம் என்றேன். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கும், பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே போகாது.

ஆறு ஆல்பத்தில் ஐந்து நேரத்துக்குக் கொடுத்தேன். ஒன்று நாலு நாள் தாமதம். அந்த மணப்பெண்ணின் அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

சித்தப்பா போன வாரம் வந்து மெயின் போர்டில், மின்கசிவு இருந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டுக் கொடுத்தார். டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டினார், டக்கென்று விழுந்தது. மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். எர்த்து குழிக்கு வெயில் காலம் முடியும் வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு குடம். நேற்று பையன்தான் ஊற்றினான். ஊற்றிவிட்டு வந்து, கேபினெட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஸ்விட்ச்சைப் போட்டான்.